வெளிர் கட்டங்களில் எழுந்த முற்றுகை: நிம்சோவிச் – கபாபிளாங்கா, நியூயார்க் 1927

இந்தச் சதுரங்க ஆட்டத்தில் வெள்ளை நிம்சோவிச், கறுப்பு கபாபிளாங்கா. 36-வது நகர்வில் வெள்ளை தன் ராஜாவை ஜி3-க்கு நகர்த்தியதும் பலகையை நிறுத்திவைத்துப் பாருங்கள். ராஜா ஜி3, ராணி எஃப்2, யானைகள் டி2, டி4, சிப்பாய்கள் ஏ3, பி2, சி3, இ5, எஃப்4, ஜி5, எச்2. மொத்தம் 11 காய்கள், 11-ம் அடர்நிறக் கட்டங்களில் நிற்கின்றன. எதிரே கறுப்பின் ராஜா ஜி6, ராணி பி5, யானைகள் சி4, இ4, சிப்பாய்கள் ஏ5, பி7, டி5, இ6, எஃப்5, எஃப்7, எச்5. ஏ5 சிப்பாயைத் தவிர மற்ற 10 காய்களும் வெளிர்நிறக் கட்டங்களில் இருக்கின்றன. காய் எண்ணிக்கை சரிசமம். அடுத்த 10 நகர்வுகளில் வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது. அப்போதும் எண்ணிக்கை சரிசமமாகவே இருந்தது.

ஒரு சிப்பாயைக்கூடக் கூடுதலாக வெல்லாமல் கறுப்பு எப்படி ஜெயித்தது? அதற்கான விடை நான்காவது நகர்விலேயே தொடங்குகிறது. காரோ-கான் தற்காப்பில் (1.இ4-க்கு கறுப்பு சி6 என்று பதில் சொல்லும் தொடக்கம்) கறுப்பு திட்டமிட்டு வெல்வது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்து வைப்பது இந்த ஆட்டத்தைத்தான்.

படிக்க வசதியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளை, கறுப்பு என்ற சொற்கள் இங்கே ஆடும் தரப்புகளை மட்டுமே குறிக்கும். கட்டங்களின் நிறத்தை வெளிர், அடர் என்று எழுதுகிறேன். நகர்வுக் குறிப்பில் × என்பது காயை எடுப்பது, + செக், 0-0 ராஜா பக்கக் காஸ்லிங், ! நல்ல நகர்வு; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய் நகர்வு. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

ஆட்டக்காரர்களும் களமும்

1927 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நியூயார்க்கில் நடந்த போட்டியில் 6 பேர் ஆடினார்கள்: கபாபிளாங்கா, அலெகின், நிம்சோவிச், விட்மார், ஸ்பீல்மன், மார்ஷல். ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் நான்கு முறை மோத வேண்டும், ஆக ஆளுக்கு 20 ஆட்டங்கள். 1921 முதல் உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா ஒரு தோல்விகூட இல்லாமல் 14 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தார். அலெகின் 11½, நிம்சோவிச் 10½. அதே ஆண்டின் இறுதியில் பியூனஸ் அயர்ஸில் அலெகினிடம் கபாபிளாங்கா பட்டத்தை இழந்தது வேறு கதை.

நிம்சோவிச் சாதாரண எதிராளி அல்ல. இ5 வரை முன்னேறிய சிப்பாயை வைத்து எதிராளியை நெருக்குவது, ஒரு கட்டத்தில் காயை நிறுத்தி வழியை அடைப்பது, இவற்றையெல்லாம் கோட்பாடாகவே வகுத்துச் சொன்னவர். அப்படிப்பட்டவரைத்தான் கறுப்பு இங்கே வழியடைத்து வென்றது.

முதல் எட்டு நகர்வுகள்

1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 பிஷப் எஃப்5 4.பிஷப் டி3 பிஷப்×டி3 5.ராணி×டி3 இ6 6.குதிரை சி3 ராணி பி6 7.குதிரை ஜிஇ2 சி5 8.டி×சி5 பிஷப்×சி5.

காரோ-கான் ஆடுபவரின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. பிரெஞ்சுத் தற்காப்பிலும் (1.இ4 இ6) இதே டி5–இ6 சிப்பாய் அமைப்புதான் வரும். ஆனால் அங்கே சி8 பிஷப் இ6 சிப்பாயின் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். இங்கே கறுப்பு முதலில் அந்த பிஷப்பை வெளியே கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகுதான் இ6 ஆடுகிறது. பதிலுக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது: பிரெஞ்சில் ஒரே தாவலில் சி5 போகும் சிப்பாய், இங்கே சி6, சி5 என்று இரண்டு நகர்வுகள் எடுத்துக்கொள்கிறது.

4.பிஷப் டி3 பார்க்க நல்ல நகர்வுதான். மாற்றிக்கொண்டால் ராணி டி3-க்கு வந்துவிடுகிறது, வெள்ளைக்கு வளர்ச்சியில் வேகம் கிடைக்கிறது. ஆனால் என்ன கைமாறியது என்று பாருங்கள். வெள்ளையின் சிப்பாய்கள் டி4, இ5 என்ற அடர் கட்டங்களில் இருக்கின்றன. அவை காக்க முடியாத வெளிர் கட்டங்களைக் காக்க வெள்ளைக்கு இருந்த ஒரே பிஷப் போய்விட்டது. அது போனபின் அடர் கட்டத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு சிப்பாயும் பக்கத்தில் ஒரு ஓட்டையை விட்டுச் செல்லும்.

இதே மாற்றம் 42 ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1885-இல் ஹாம்பர்கில் மீசஸுக்கு எதிராக மார்கஸ் கான் ஆடிய ஆட்டத்தில் முதல் ஐந்து நகர்வுகள் அப்படியே இவைதான். கறுப்பாக ஆடிய கான் 24 நகர்வுகளில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு அவரும் ஹொராஷியோ காரோவும் இந்தத் தற்காப்பை ஆராய்ந்து வெளியிட, இருவர் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டன.

ஆறாவது நகர்வில் வெள்ளை குதிரையை சி3-இல் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த அமைப்பில் டி4 சிப்பாய்க்கு இயல்பான தாங்கல் சி3-இல் நிற்கும் சிப்பாய். அந்த இடத்தைக் குதிரை பிடித்துக்கொண்டது. கறுப்பு உடனே ராணியை பி6-க்குக் கொண்டுவந்து டி4-ஐ அழுத்தி, சி5 என்று தாக்கியதும் வெள்ளை 8.டி×சி5 என்று விட்டுக்கொடுக்க நேர்ந்தது. டி4–இ5 சிப்பாய்ச் சங்கிலியின் அடிக்கண்ணி கழன்றது. இ5 சிப்பாய் தனியே முன்னால் நிற்கிறது. கறுப்பு பிஷப்போ சிப்பாயை எடுக்கும் சாக்கில் நேரம் செலவிடாமல் சி5-க்கு வந்து உட்கார்ந்துவிட்டது. சி6, சி5 என்று கறுப்பு இழந்த நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது.

எஃப்5-க்கு ஒரு குதிரை

9.0-0 குதிரை இ7 10.குதிரை ஏ4 ராணி சி6 11.குதிரை×சி5 ராணி×சி5 12.பிஷப் இ3 ராணி சி7 13.எஃப்4 குதிரை எஃப்5 14.சி3 குதிரை சி6 15.யானை ஏடி1 ஜி6.

வெள்ளை ஒரு குதிரையைக் கொடுத்து கறுப்பின் கடைசி பிஷப்பை வாங்கியது. பிஷப் குதிரையைவிடச் சற்றே மேல் என்று படித்தவர்களுக்கு இது லாபமாகத் தெரியும். ஆனால் 13-வது நகர்வுக்குப் பிறகு அந்த பிஷப் என்ன செய்கிறது? இ5-உம் எஃப்4-உம் தன் சொந்தச் சிப்பாய்கள், இரண்டும் அதே அடர் நிறக் கட்டங்களில். எஃப்4 தவிர்த்திருக்கக்கூடிய தவறு என்று சொல்ல மாட்டேன். சி7 ராணி இ5-ஐத் தாக்குகிறது, அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் அதற்கான விலை பெரியது.

இங்கே கபாபிளாங்காவின் பொறுமையைக் கவனியுங்கள். 13-வது நகர்விலேயே எஃப்5 குதிரை இ3 பிஷப்பை எடுக்கத் தயாராக நிற்கிறது. அவர் எடுக்கவில்லை. எடுத்தால் வெள்ளை ராணி இ3-க்கு, அதாவது பலகையின் நடுவுக்கு வரும். கறுப்பு தன் சிறந்த காயை இழந்திருக்கும். அந்த பிஷப் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அதனால் 14...குதிரை சி6 என்று வளர்ச்சியை முடித்துவிட்டு, 15...ஜி6 என்று எஃப்5-க்கு இன்னொரு தாங்கலும் கொடுக்கிறார். அவசரப்பட்டு மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இரண்டு நகர்வுகளை மட்டும் நாலு முறை ஆடிப் பார்க்கலாம்.

16.ஜி4 குதிரை×இ3 17.ராணி×இ3 எச்5! 18.ஜி5 0-0.

ஆட்டம் உண்மையில் திரும்பியது இங்கேதான். 16.ஜி4 குதிரையை விரட்டியது. இப்போது மாற்றிக்கொள்வதில் கறுப்புக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் ஜி-சிப்பாய் முன்னேறிவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 17...எச்5 வெள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கிறது. ஜி×எச்5 என்று எடுத்தால் எச்8 யானை எச்5-இல் வந்து இறங்கும். வெள்ளை ராஜாவின் முன்பக்கம் திறந்துவிடும். எச்3 என்று தாங்கினால் கறுப்பு எச்4 வழியாக இல்லாமல் ஜி4-இல் மாற்றிக்கொண்டு எச் வரிசையைத் திறந்து, ராணிப் பக்கம் காஸ்லிங் செய்யும். மிச்சம் இருப்பது ஜி5.

ஜி5 போனதும் வெள்ளையின் தாக்குதல் முடிந்தது. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு இருந்த ஒரே நெம்புகோல் எஃப்4–எஃப்5. அதற்கு ஜி4-இல் ஒரு சிப்பாய் தோள் கொடுக்க வேண்டும். அந்தச் சிப்பாய் ஜி5-க்குப் போய்விட்டது. எஃப்5-இல் வந்து நிற்கும் கறுப்புக் காயை இனி எந்த வெள்ளைச் சிப்பாயும் விரட்டாது. இது தெரிந்த பிறகுதான் கறுப்பு தைரியமாக ராஜா பக்கம் காஸ்லிங் செய்கிறது. வெள்ளைச் சிப்பாய்கள் படையெடுத்து வந்த அதே பக்கத்தில் போய் ராஜாவை வைப்பது துணிச்சலாகத் தெரியும். ஆனால் எச்5, ஜி6, எஃப்7 மூன்றும் பூட்டிய கதவு, திறக்க வெள்ளையிடம் எதுவும் இல்லை.

16-இல் பிஷப்பை எஃப்2-க்குப் பின்வாங்கி, இ2 குதிரையை டி4-க்குக் கொண்டுவந்திருந்தால் வெள்ளை சமாளித்திருக்கும் என்பது என் கணிப்பு. அழகான நிலை கிடைத்திருக்காது. ஆனால் ஜி-சிப்பாய் வீட்டிலேயே இருந்திருக்கும்.

அசையாத வெள்ளை, அலையும் குதிரை

19.குதிரை டி4 ராணி பி6 20.யானை எஃப்2 யானை எஃப்சி8 21.ஏ3 யானை சி7 22.யானை டி3 குதிரை ஏ5 23.யானை இ2 யானை இ8 24.ராஜா ஜி2 குதிரை சி6 25.யானை இடி2 யானை இசி8 26.யானை இ2 குதிரை இ7 27.யானை இடி2 யானை சி4.

டி4-இல் நிற்கும் வெள்ளைக் குதிரை கம்பீரமாகத் தெரிகிறது. கறுப்பு சி6 குதிரையால் அதை உடனே மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் வெள்ளையின் நெருக்கடி குறையும், கறுப்பின் எஃப்5 கனவும் கலையும். ஆகவே குதிரையை வைத்துக்கொண்டு சுற்றுகிறார்: சி6-இலிருந்து ஏ5, மறுபடி சி6, பிறகு இ7, கடைசியில் எஃப்5. நடுவில் 23...யானை இ8 என்ற சின்ன நகர்வை விட்டுவிடாதீர்கள். வெள்ளை யானை இ2-க்கு வந்ததும் எஃப்5 தள்ளலுக்கு ஒரு சிப்பாயைப் பலியிட்டாவது இ-வரிசையைத் திறக்கும் எண்ணம் முளைக்கலாம். அது முளைக்கும் முன்பே இ6-இன் பின்னால் ஒரு யானை போய் நின்றது. ஆபத்து தணிந்ததும் யானை சி8-க்குத் திரும்பிவிட்டது.

வெள்ளையின் யானை இந்த இடைவெளியில் இ2, டி2, இ2, டி2 என்று முன்னும் பின்னும் நகர்கிறது. கறுப்பின் நகர்வுகளும் இங்குமங்கும் அலைவதுபோல்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காய் முன்பைவிட நல்ல இடத்தில் நிற்கிறது. யானை சி4-க்கு வந்தது. அது வெளிர் கட்டம். அதை விரட்ட பி3 ஆடினால் சி3 சிப்பாய் பி2-இல் இருந்த தாங்கலை இழக்கும்.

மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம்

28.ராணி எச்3 ராஜா ஜி7 29.யானை எஃப்2 ஏ5 30.யானை இ2 குதிரை எஃப்5! 31.குதிரை×எஃப்5+ ஜி×எஃப்5 32.ராணி எஃப்3 ராஜா ஜி6 33.யானை இடி2 யானை இ4 34.யானை டி4 யானை சி4.

குதிரை எஃப்5-க்கு வந்தவுடன் டி4 குதிரையின் மேல் மூன்று காய்கள் குறிவைக்கின்றன: குதிரை, சி4 யானை, பி6 ராணி. காவலுக்கு டி3 யானையும் சி3 சிப்பாயும் மட்டும். வெள்ளை ராணி எச்3-இல் தூரமாக நிற்கிறது. விட்டால் கறுப்பு டி4-இல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு ஒரு சிப்பாயை வெல்லும். ஆகவே வெள்ளை தானே எஃப்5-இல் எடுக்கிறது.

எடுத்த காயை எந்தச் சிப்பாயால் திருப்பி எடுப்பது? இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். இ×எஃப்5 என்று எடுத்திருந்தால் டி5-க்குத் தாங்கல் போயிருக்கும். இ5 சிப்பாய்க்கு முன்னால் பாதை திறந்திருக்கும். ஜி×எஃப்5 எடுத்ததால் ராஜாவின் முன்னால் இருந்த ஜி-சிப்பாய் காணாமல் போகிறது. எந்தப் பயிற்சியாளரும் ராஜா பக்கச் சிப்பாய்களைக் கலைக்காதே என்றுதான் சொல்லித் தருவார். இங்கே நிலைமை வேறு. வெள்ளையின் ஜி5 சிப்பாயே கறுப்பு ராஜாவுக்குத் திரையாக நிற்கிறது. ராஜா ஜி6-க்கு வந்து அந்தச் சிப்பாயை நேருக்கு நேர் அடைக்கிறது, எச்5-ஐயும் காக்கிறது. ஜி வரிசை அடைப்பு, எஃப் வரிசை அடைப்பு, எச் வரிசை அடைப்பு. வெள்ளைக்கு எஞ்சியிருக்கும் ராணியும் யானைகளும் அங்கே நுழைய ஒரு சந்துகூட இல்லை. கூடவே இ4 என்ற வெளிர் கட்டம் டி5, எஃப்5 என்ற இரு சிப்பாய்களின் காவலில் யானைக்குக் கிடைத்துவிட்டது.

குதிரைகள் போனபின் வெள்ளையிடம் வெளிர் கட்டங்களில் சண்டை போடக்கூடிய சிறுகாய் (குதிரை, பிஷப்) எதுவும் இல்லை. கறுப்பு யானைகள் சி4-இலும் இ4-இலும் ஊன்றி நிற்க, முற்றுகை முழுமையாகிவிட்டது.

ராணி கடைசி வரிசைக்குப் போன வழி

35.ராணி எஃப்2 ராணி பி5 36.ராஜா ஜி3 யானை சி×டி4 37.சி×டி4 ராணி சி4 38.ராஜா ஜி2 பி5 39.ராஜா ஜி1 பி4 40.ஏ×பி4 ஏ×பி4 41.ராஜா ஜி2 ராணி சி1 42.ராஜா ஜி3 ராணி எச்1.

சுற்றி வளைத்துவிட்டோம், எப்படி உள்ளே போவது? வெள்ளையின் இரண்டு யானைகளும் ராணியும் டி வரிசையையும் இரண்டாம் வரிசையையும் பிடித்திருக்கின்றன. கறுப்பு ஒரு ஜோடி யானையை மட்டும் மாற்றுகிறது. வெள்ளை சி3 சிப்பாயால் எடுத்தபோது சி வரிசை திறந்துவிட்டது. காலியான சி4-இல் ராணி வந்து உட்கார்ந்து, அங்கிருந்து நேரே சி1, பிறகு முதல் வரிசை வழியே எச்1. பெரும்பாலான சிப்பாய்களை முன்னால் அனுப்பிவிட்ட படையின் பின்வீட்டில் ராணி நுழைந்துவிட்டது.

இடையில் 38...பி5, 39...பி4 எதற்கு? சிலர் இதை வெறும் சிப்பாய் மாற்றம் என்று கடந்துவிடுவார்கள். வெள்ளையின் டி4, இ5, எஃப்4, ஜி5 ஆகிய நான்கு சிப்பாய்களும் எதிரே காய் நிற்பதால் அசைய முடியாதவை. எச்2 சிப்பாய் நகர்ந்தால் ராஜாவின் காவல் கலையும். ஆக வெள்ளைக்குச் சும்மா ஆடி நேரம் கடத்த இருந்த நகர்வுகள் ஏ, பி சிப்பாய்களிடம் மட்டுமே. அவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டால்? ஏ-சிப்பாய் மாற்றத்தில் போனது. பி2 சிப்பாய்க்கு எதிரே பி4 நிற்பதால் அதற்கு பி3 என்ற ஒரே ஒரு நகர்வு பாக்கி.

43.யானை டி3 யானை இ1 44.யானை எஃப்3 யானை டி1 45.பி3 யானை சி1 46.யானை இ3 யானை எஃப்1. வெள்ளை தோல்வியை ஏற்றது.

44-வது நகர்வுக்குப் பிறகான நிலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். கறுப்பு யானைக்கு எஃப்1-க்குப் போய் ராணியைத் தாக்க ஆசை. ஆனால் வெள்ளை யானை எஃப்3-இல் இருக்கும்வரை அது முடியாது: எஃப்1-இல் ராணி எடுக்க, கறுப்பு ராணி திருப்பி எடுக்க, எஃப்3 யானை மறுபடி எடுத்துவிடும். எனவே அந்த யானை எஃப்3-ஐ விட்டு நகரக் கூடாது. ராணி நகர்ந்தால் ராஜாவுக்கு ஜி1-இல் யானையின் செக் காத்திருக்கிறது. ராஜா நகர்ந்தாலும் கேடுதான். வெள்ளை ஒன்றும் ஆடாமல் இருந்தால் நிலை தாங்கும். ஆனால் சதுரங்கத்தில் முறை வந்தால் ஆடியே ஆக வேண்டும். இந்த நிலைக்குத்தான் ஸுக்ஸ்வாங் என்று பெயர்.

45.பி3 வெள்ளையின் கையில் இருந்த கடைசிச் சில்லறை. கறுப்பு 45...யானை சி1 என்று முதல் வரிசையிலேயே ஒரு கட்டம் தள்ளி நின்று முறையைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நகர்வில் மிரட்டல் எதுவும் புதிதாக இல்லை. எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கிறது, ஆடவேண்டியது மட்டும் வெள்ளை. யானை எஃப்3-ஐ விட்டு விலகியது, கறுப்பு யானை எஃப்1-இல் இறங்கியது.

இன்று வெள்ளை என்ன ஆடுகிறது

4.பிஷப் டி3 இப்போது உயர்நிலை ஆட்டங்களில் அரிது. வெள்ளை வேறு பாதைகளுக்குப் போய்விட்டது. இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட் பிரபலமாக்கிய 4.குதிரை எஃப்3, பிறகு பிஷப் இ2 அமைப்பில் வெளிர் கட்ட பிஷப் பலகையிலேயே இருக்கும். கறுப்பு சி5 தள்ளலை நேரம் பார்த்து ஆடி, குதிரையை இ7 வழியே கொண்டுவர வேண்டும். 4.குதிரை சி3 இ6 5.ஜி4 என்பது முழுக்கத் தாக்குதல். அங்கே கறுப்பு உடனடியாக மையத்தில் பதிலடி கொடுக்காவிட்டால் திட்டம் போட நேரமே இருக்காது.

இந்த ஆட்டத்தோடு நெருங்கிய உறவுள்ளது 4.எச்4. 1961 உலகப் பட்டப் போட்டியில் தால் பொட்வின்னிக்குக்கு எதிராக அதை ஆடினார். இன்று கறுப்பு பெரும்பாலும் 4...எச்5 என்று நிறுத்துகிறது. அதன் பிறகு 5.பிஷப் டி3 பிஷப்×டி3 6.ராணி×டி3 இ6 வந்தால் நிம்சோவிச் செய்த அதே மாற்றம்தான். வித்தியாசம், வெள்ளைக்கு ஜி5 கட்டம் பிஷப்புக்காகக் கிடைத்திருக்கிறது. அந்த பிஷப் இ7 வழியை அடைத்தால் ஜி8 குதிரை எஃப்5-க்குப் போவதற்குச் சிரமம். ஆகவே கறுப்பு முதலில் தன் பிஷப்பை இ7-இல் வைத்து அதை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. மாற்றம் நடந்தபின் குதிரை இ7-இலிருந்து எஃப்5-க்குப் போய்விட்டால், எச்-சிப்பாய் எச்4 வரை போய்விட்டதால் ஜி4 ஆடுவது வெள்ளைக்கு இன்னும் கடினம்: எச்5 சிப்பாய் அதை எடுத்துக்கொள்ளும்.